நுரை மலை போல வருகிறது, ஆனால் முகத்தில் இரண்டு நிமிடம் நிற்க மாட்டேன் என்கிறது

அரைத்தாடி:

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக டப்பாவை அழுத்தினால் புஸ்ஸென்று வரும் ஃபோம்தான் எனக்கு. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு பன்றிமுடி பிரஷ், ஒரு கட்டி ஷேவிங் சோப்பு, ஒரு கிண்ணம் என்று வாங்கி இறங்கிவிட்டேன். ரேசர் பழையதுதான், பிளேடும் அதேதான், அதனால் குற்றவாளி நுரைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் செய்வது இதுதான்: பிரஷ்ஷைக் குழாயில் காட்டி நனைக்கிறேன், சோப்பின் மேல் பத்துப் பன்னிரண்டு சுற்று, பிறகு கிண்ணத்தில் போட்டு வேக வேகமாக அடிக்கிறேன். நுரை வராமல் இல்லை, கிண்ணம் நிறைய எழும்பி நிற்கிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் முகத்தில் பூசி வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது பக்கம் வருவதற்குள் அங்கே பூசியது காய்ந்து சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. ரேசர் வழுக்குவதில்லை, இழுக்கிறது. கழுத்தெல்லாம் சிவப்புப் புள்ளிகள். சரி, தண்ணீர்தான் போதவில்லை போல என்று நேற்று பிரஷ்ஷைச் சொட்டச் சொட்ட நனைத்து அடித்துப் பார்த்தேன். துணி அலசிய தண்ணீர் மாதிரி குமிழி குமிழியாக வந்து முழங்கை வரை வழிந்ததுதான் மிச்சம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பிரஷ் நனைந்தால் ஈர ஆட்டின் வாடை வருகிறது, தினமும் இரண்டு மூன்று முடியும் உதிர்கிறது. இது இப்படித்தானா, இல்லை மட்டமான சரக்கா? வீட்டுப் பழைய பெட்டியில் கொள்ளுத்தாத்தா காலத்துக் குதிரைமுடி பிரஷ் ஒன்றும் கிடக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

ஆறுமணி_ஷேவ்:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு சுற்றில் பிரஷ்ஷில் ஏறும் சோப்பு, கை கழுவத்தான் காணும். கிண்ணம் நிறைய எழும்பியது என்கிறீர்களே, அது சோப்பு இல்லை, காற்று. கொஞ்சம் சோப்பையும் நிறையக் காற்றையும் வைத்து எவ்வளவு பெரிய மலை வேண்டுமானாலும் கட்டலாம், முகத்தில் வைத்தால் காற்று போய்விடும், மிச்சம் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, குழாயில் காட்டி நனைப்பது பன்றிமுடிக்குப் போதாது. அந்த முடி தண்ணீரை உள்ளே உறிஞ்சும். காய்ந்த பிரஷ்ஷை அப்படியே எடுத்து அடித்தால், நுரையில் நீங்கள் சேர்த்த தண்ணீரை உங்கள் பிரஷ்ஷே குடித்துவிடும். முகத்தில் காய்வது பாதி இதனால்தான். குளிக்கப் போவதற்கு முன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் முடிப் பகுதி மட்டும் முழுகும்படி நிற்க வைத்துவிட்டுப் போங்கள், வந்து எடுத்தால் சரியாக இருக்கும். கை பொறுக்கும் சூடு போதும், கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் முடியும் கெடும், அடியில் கொத்தைப் பிடித்திருக்கும் பசையும் விட்டுப்போகும்.

பிரஷ்ஷை எடுத்ததும் நன்றாகப் பிழிந்து, இரண்டு உதறு உதறுங்கள். நுனியில் ஈரம் இருக்க வேண்டும், தொங்கவிட்டால் சொட்டு விழக் கூடாது. இப்போது சோப்பின் மேல் வையுங்கள். முப்பது விநாடி, கட்டி சோப்பு கெட்டியாக இருந்தால் ஒரு நிமிடம் கூட ஆகும், அவசரப்படாதீர்கள். முதலில் பெரிய பெரிய குமிழிகளாகப் பொங்கி ஓரத்தில் வழியும். எல்லோரும் இங்கேதான் "ஆகா நுரை வந்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். தொடர்ந்து சுற்றினால் குமிழி சின்னதாகிச் சின்னதாகிக் காணாமல் போய், பிரஷ் நுனியில் பற்பசை மாதிரி ஒன்று அப்பிக்கொள்ளும், சோப்பின் மேல் பிரஷ் போன தடம் கோடு கோடாகத் தெரியும், கைக்கும் ஒரு கனம் தட்டும், சத்தமும் மாறிவிடும். முதலில் சளசளவென்று இருந்தது அடங்கி, ஈரமான ஒட்டல் சத்தம் மட்டும் வரும். அதுதான் அடையாளம்.

அப்புறம் கிண்ணம். இப்போதுதான் தண்ணீர், அதுவும் குழாயைத் திறந்து இல்லை. மூன்று விரலைத் தண்ணீரில் முக்கி, நாலைந்து சொட்டு கிண்ணத்தில் உதறி, இருபது சுற்று. மறுபடி நாலைந்து சொட்டு, மறுபடி இருபது சுற்று. ஆரம்பத்தில் நுரை மங்கலாக, மாவு பூசிய மாதிரி இருக்கும். தண்ணீர் ஏற ஏற அதன் மேல் ஒரு பளபளப்பு வரும், புதிதாக அடித்த பெயின்ட் காய்வதற்கு முன் மினுங்குமே, அந்த மாதிரி. அந்த மினுக்கம் வந்த இடத்தில் நிறுத்துங்கள். உயரத்தைப் பார்க்காதீர்கள், மினுக்கத்தைப் பாருங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்று அளவு கேட்காதீர்கள், எனக்கும் சொல்லத் தெரியாது, சோப்புக்குச் சோப்பு மாறும். ஒரு நாள் வேலையற்ற நேரத்தில், ஷேவ் செய்யும் எண்ணமே இல்லாமல், கிண்ணத்தில் நுரை நாசமாகும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள். எந்த இடத்தில் நன்றாக இருந்தது, எந்த இடத்தில் கெட்டது என்று கை கண்டுகொள்ளும். நான் படித்ததிலிருந்து கற்றுக்கொண்டதை விட அந்த ஒரு நாளில் கற்றுக்கொண்டது அதிகம்.

வேதியியல்_வாத்தி:

ஆறுமணிக்காரர் செய்முறையைச் சொல்லிவிட்டார், நான் ஏன் என்பதைச் சொல்கிறேன். வகுப்பெடுக்கிற புத்தி, மன்னிக்கவும்.

தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. காய்ந்திருக்கும்போது முரட்டுத்தனமாக இருக்கும், தண்ணீர் குடித்தால் உப்பி மெத்தென்று ஆகிவிடும். நனைந்த முடியை வெட்டுவதற்கு பிளேடுக்குக் குறைந்த விசை போதும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஈரம் முடியோடு இருக்க வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே நுரையின் முதல் வேலை தண்ணீரை முகத்தில் ஓடவிடாமல் பிடித்து வைப்பது, அடுத்த வேலை பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலாக இருப்பது. இந்த இரண்டுக்கும் குமிழியின் உயரத்தால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால் பெரிய குமிழி என்பது சுவர் மெலிந்த குமிழி, அதிலிருக்கும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். சின்னக் குமிழியாக நெருங்கி இருந்தால்தான் தண்ணீர் இடுக்குகளில் தங்கும்.

ஷேவிங் சோப்பு குளியல் சோப்பிலிருந்து வேறுபடுவதும் இங்கேதான். குளியல் சோப்புக் கட்டி பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு. ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைத் தாராளமாகப் போட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடும் சோடியம் ஹைட்ராக்ஸைடும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். பொட்டாசியம் சோப்பு மென்மையானது, தண்ணீரில் எளிதாகக் கரையும், அந்த அமிலத்திலிருந்து வரும் ஸ்டியரேட் நுரையைக் கெட்டியாக நிறுத்தும், கிளிசரின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். குளியல் சோப்பைப் பிரஷ்ஷில் தேய்த்து "நுரை நிற்கவில்லை" என்று புலம்புவோர் இதைக் கவனிக்கவும். (நீங்கள் அப்படிச் செய்யவில்லை, தெரியும். இதைப் படிக்கிற வேறு யாராவது செய்துகொண்டிருப்பார்கள்.)

இனி உங்கள் பிரச்சினையில் யாரும் இன்னும் தொடாத ஒன்று. உங்கள் தண்ணீர் எப்படி? கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அவை ஸ்டியரேட்டைக் கண்டதும் பிடித்துக்கொண்டு கரையாத வெள்ளை அழுக்காக மாறிவிடும், வாளி ஓரத்தில் பிசுபிசுவென்று படிகிறதே, அதேதான். அப்படிப் போன சோப்பு நுரைக்கு உதவாது. அதாவது நீங்கள் போடும் சோப்பில் ஒரு பங்கு தண்ணீருக்குக் கப்பம் கட்டுவதற்கே போய்விடும். ஏற்கெனவே சோப்பு குறைவு, அதிலும் கப்பம் என்றால் என்ன மிஞ்சும்?

சோதிப்பது சுலபம். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் பாதி குழாய்த் தண்ணீர், மற்றதில் பாதி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். இரண்டிலும் நகக்கண் அளவு சோப்பைச் சீவிப் போட்டு, மூடி, பத்துத் தடவை குலுக்குங்கள். டிஸ்டில்ட் பாட்டிலில் நுரை எழும்பி நின்று, குழாய்ப் பாட்டிலில் தண்ணீர் பால் போலக் கலங்கி மேலே தோல் மாதிரி ஏதாவது மிதந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. அப்படியிருந்தால் நுரை அடிக்க மட்டும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஷேவுக்கு அதற்கு மேல் வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை எடுத்தாலும் ஓரளவு கடினம் குறையும், எல்லாக் கடினமும் போகாது. சில சோப்புகளின் உறையில் டெட்ராசோடியம் ஈடிடிஏ என்று போட்டிருக்கும், அது கால்சியத்தைப் பிடித்து வைக்கத்தான் சேர்ப்பது, அந்த மாதிரிச் சோப்பு கடினத் தண்ணீரில் கொஞ்சம் சமாளிக்கும்.

கன்னம்_தடவி:

எல்லோரும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கிண்ணத்தைத் தூக்கி அலமாரியில் வையுங்கள் பாஸ். சோப்பை ஏற்றிய பிரஷ்ஷை நேரே முகத்தில் வைத்து அங்கேயே நுரை கட்டுங்கள். கிண்ணத்தில் எது அழகாக இருந்தாலும் கடைசியில் போகப்போகும் இடம் முகம்தானே. முகத்திலேயே அடித்தால் தண்ணீர் கூடியதும் குறைந்ததும் அந்த நொடியே தோலில் தெரியும், கண்ணாடியில் தேட வேண்டாம். இன்னொரு லாபம், சுற்றும்போது படுத்திருக்கும் முடி எழுந்து நிற்கும், ஈரம் முடியின் அடி வரை போகும்.

எப்படி என்றால், முகத்தை முதலில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள், துடைக்கக் கூடாது. பிரஷ்ஷைக் கன்னத்தில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். கை மணிக்கட்டு தளர்வாக இருக்கட்டும். அரை நிமிடத்தில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிரஷ் இழுபடுவது போல இருக்கும், அப்போது பிரஷ் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து மறுபடி சுற்றுங்கள். மூன்று நான்கு தடவை தொட்டெடுத்தால் போதும், திடீரென்று பிரஷ் வழுக்க ஆரம்பிக்கும், உங்களுக்கே தெரியும். கடைசியில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி மேலும் கீழும் நாலு இழுப்பு இழுத்துச் சமப்படுத்திவிடுங்கள்.

ஒன்று மட்டும், அழுத்தாதீர்கள். நான் ஆரம்பத்தில் பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் அழுத்தி அழுத்தி, ஆறே மாதத்தில் என் முதல் பிரஷ்ஷுக்கு நடுவில் வழுக்கை விழ வைத்தவன். நடுவில் இருக்கும் முடி அடியோடு மடங்கி ஒடிந்துபோகும், சுற்றி மட்டும் முடி நிற்கும், பார்க்கப் பரிதாபமாக இருக்கும். முடி பாதி வளைந்தால் போதும், அடி வரை மடங்கி விரிய வேண்டியதில்லை.

ஆறுமணி_ஷேவ்:

கன்னம்_தடவி சொல்வது தப்பில்லை, ஆனால் கேட்டவருக்குக் கழுத்தில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன, பிரஷ்ஷோ புதுப் பன்றிமுடி, நுனி இன்னும் குத்தும். அதை வைத்துக் கழுத்தில் வட்டம் போட்டால் பிளேடு படுவதற்கு முன்பே தோல் எரிய ஆரம்பித்துவிடும். பன்றிமுடியின் நுனி உபயோகிக்க உபயோகிக்கப் பிளந்து மெத்தென்று ஆகும், அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை கிண்ணத்திலேயே முடித்துவிட்டு முகத்தில் மென்மையாகப் பூசினால் போதும். கழுத்து ஆறிய பிறகு முகத்தில் அடித்துப் பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றது.

கன்னம்_தடவி:

கழுத்து விஷயத்தை நான் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். கன்னத்துக்கு மட்டும் என் கட்சி.

டப்பாவே_துணை:

நான் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறேன். அழுத்தினால் வருகிறது, பூசினால் நிற்கிறது. நீங்கள் ஊற வைத்து, உதறி, சொட்டு எண்ணி முடிப்பதற்குள் நான் ஆபீஸுக்கே போய்விடுவேன்.

பிரஷ்_வைத்தியன்:

போய் வாருங்கள்.

அரைத்தாடி, உங்கள் மீதிக் கேள்விகளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, நான் சொல்கிறேன். வாடை என்பது விலங்கு முடியின் வாடைதான், புதிதில் எல்லா பன்றிமுடி பிரஷ்ஷும் நாறும், பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் முடியும் லேசுப்பட்டதில்லை. தலைக்குப் போடும் ஷாம்பூவால் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். அதைவிட நல்ல வழி, ஷேவ் செய்யாத நேரத்தில் சோப்பு நுரை அடித்து, நுரையோடு ஒரு இரவு அப்படியே விட்டு, காலையில் அலசுங்கள். இப்படி மூன்று நாள் செய்தால் வாடையும் போகும், முடியும் பழகும். முடி உதிர்வதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம், கொத்துக்குள் சரியாக ஒட்டாமல் தளர்ந்து கிடந்த முடிகள் முதல் பத்து ஷேவுக்குள் வந்துவிடும். அதற்கு அப்புறமும் விடாமல் உதிர்ந்தாலோ, ஒரு கொத்தாகக் கையோடு வந்தாலோதான் அடிப்பசை சரியில்லை என்று அர்த்தம்.

ஷேவ் முடிந்ததும் பிரஷ்ஷைத் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். வெளியே சுத்தமாகத் தெரியும், கொத்தின் அடியில் விரலை விட்டு அமுக்கினால் வெள்ளையாக வரும், அது வராமல் போகும் வரை. பிறகு பிழிந்து, உதறி, துண்டில் இரண்டு தேய்ப்பு, காற்றாட வையுங்கள். தலைகீழாகத் தொங்கவிடுவதா நிமிர்த்தி வைப்பதா என்று இரண்டு கட்சி உண்டு, நான் இரண்டும் செய்து பார்த்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காற்றுப்படாத டப்பாவில் ஈரத்தோடு மூடி வைப்பதுதான் பிரஷ்ஷைக் கொல்லும். கடினத் தண்ணீர் என்றால் கொத்தின் அடியில் சோப்பு அழுக்கு கெட்டியாகப் படியும், மாதம் ஒரு தடவை ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து கொஞ்ச நேரம் ஊற வைத்து அலசினால் விட்டுவிடும்.

கொள்ளுத்தாத்தா பிரஷ்ஷை ஞாபகார்த்தமாக அலமாரியில் வையுங்கள், முகத்தில் வைக்காதீர்கள். முதல் உலகப் போர் சமயத்தில் பேட்ஜர் முடி சரியாகக் கிடைக்காமல், அதற்குப் பதிலாகக் குதிரைமுடியைச் சரியாகச் சுத்திகரிக்காமல் பிரஷ் கட்டி விற்றிருக்கிறார்கள். அதனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஷேவ் செய்த ஆட்களுக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் வந்து உயிரே போயிருக்கிறது. அந்தக் கிருமியின் வித்துகள் காய்ந்த நிலையில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக் கூடியவை. உங்களுடையதில் அது இருப்பதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனால் ஒரு காலை ஷேவுக்காக அந்தச் சூதாட்டம் எதற்கு? இப்போது வரும் குதிரைமுடி பிரஷ் சுத்திகரித்தது, அதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

ஊற வைக்க நேரமில்லை, வாடை ஆகாது என்றால் செயற்கை இழையால் ஆன சிந்தெடிக் பிரஷ் இருக்கிறது. அந்த இழை தண்ணீரை உறிஞ்சாது, எனவே ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் காயும். ஒரே சிக்கல், இழையில் தண்ணீர் தங்காததால் பிரஷ்ஷோடு வரும் தண்ணீர் முழுவதும் ஒரே அடியாகச் சோப்பில் இறங்கிவிடும், ஆகவே தொடங்கும்போது இன்னும் நன்றாக உதறிவிட வேண்டும்.

அரைத்தாடி:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். முதலில் பாட்டில் சோதனை. டிஸ்டில்ட் பாட்டிலில் நுரை மூடி வரை போய் நின்றது, குழாய்த் தண்ணீர் பாட்டிலில் ஒரு விரல்கடை கூட இல்லை, தண்ணீர் கலங்கி மேலே திரி திரியாக மிதந்தது. வாத்தியாருக்கு ஒரு கும்பிடு. மூன்று வாரமாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் தண்ணீரை மட்டும் மாற்றி, பழைய மாதிரி பத்துச் சுற்று சுற்றிப் பார்த்தேன், கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அடுத்த நாள் ஊற வைத்து, ஒரு நிமிடம் முழுக்கச் சோப்பில் சுற்றினேன். அந்தச் சத்தம் மாறும் என்றாரே ஆறுமணி அண்ணன், நிஜமாகவே மாறுகிறது, நான் கதை என்று நினைத்தேன். கிண்ணத்தில் உயரம் முன்பு வந்ததில் பாதி கூட இல்லை. முகத்தில் பூசினால் இடது கன்னத்துக்கு வரும்போதும் ஈரமாகவே இருக்கிறது. தாடையின் கீழே மட்டும் ரேசர் இன்னும் லேசாக இழுக்கிறது. கழுத்துப் புள்ளிகள் குறைந்திருக்கின்றன, முழுக்கப் போகவில்லை.

ஒரு சந்தேகம். இரண்டாம் தடவை மழிக்கப் போகும்போது கிண்ணத்தில் மிச்சமிருக்கும் நுரை மேலே மினுக்கம் போய் மங்கிவிடுகிறது. புதிதாகச் சோப்பு ஏற்ற வேண்டுமா?

ஆறுமணி_ஷேவ்:

வேண்டாம். காத்திருந்த நேரத்தில் ஈரம் போயிருக்கிறது, சோப்பு அங்கேயேதான் இருக்கிறது. முகத்தை மறுபடி நனைத்துவிட்டு, கிண்ணத்தில் இரண்டே சொட்டு விட்டுப் பத்துச் சுற்று, மினுக்கம் திரும்பி வந்துவிடும். பிரஷ்ஷைப் பிழிந்தால் அதிலும் ஒரு ஷேவுக்கான நுரை ஒளிந்திருக்கும், பாருங்கள்.

தாடைக்குக் கீழே முடி வேறு திசையில் வளரும். நாளைக்கு ஷேவ் செய்வதற்கு முன் விரலால் தடவி எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்துவிட்டு, முதல் தடவை அந்தப் பக்கமாகவே ரேசரை விடுங்கள்.

கன்னம்_தடவி:

புள்ளிகள் போனதும் கிண்ணத்தை எனக்கு அனுப்பிவிடுங்கள்.